கப்பலில் போட்ட கணக்கு

நம் சங்க மலரில் வழக்கமாக நம் கல்லூரிக் கதைகள்தான் இருக்கும். கேன்டீன் டீ, கடைசி பெஞ்ச், பஸ் படிக்கட்டுப் பயணம் என்று எழுத எவ்வளவோ இருக்கிறது. இந்த முறை கொஞ்சம் மாற்றி, இதே சென்னையில் படித்துவிட்டு, வானத்து நட்சத்திரங்களின் உள்ளே என்ன நடக்கிறது, அவை கடைசியில் என்ன ஆகின்றன என்று கணக்குப் போட்டுக் காட்டிய ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பழைய மாணவர்கள் பேரைக் கேட்டிருப்பீர்கள். இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் சுப்ரமணியன் சந்திரசேகர். விஞ்ஞான உலகத்துக்குச் சந்திரா.

தை, மாசி மாதங்களில் இரவு எட்டு மணி வாக்கில் மாதவரத்தில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் சரி, தென்கிழக்கே ஒரு நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். கன்டெய்னர் லாரிப் புழுதி, கம்பெனி விளக்கு வெளிச்சம் எல்லாவற்றையும் மீறித் தெரியும். இரவு வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் அதுதான். அதற்கு ஒரு துணை உண்டு. வெறும் கண்ணுக்குத் தெரியாது. அந்தத் துணை நட்சத்திரத்தின் எடை ஏறக்குறைய நம் சூரியனின் எடை. ஆனால் உருவமோ நம் பூமி அளவுதான். அதிலிருந்து ஒரு டீஸ்பூன் எடுத்தால் பத்து டன்னுக்கு மேல் நிற்கும். இப்படிப்பட்ட நட்சத்திரங்களுக்கு வெண் குள்ளன் என்று பெயர். சந்திரசேகரின் வாழ்க்கையையே திருப்பிப் போட்டவை இந்த வெண் குள்ளன்கள்தான்.

பிறப்பும் படிப்பும்

சந்திரசேகர் பிறந்தது 1910 அக்டோபர் 19, லாகூரில். அப்பா சுப்ரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் தணிக்கைத் துறையில் பெரிய அதிகாரி. உத்தியோகத்துக்காக அங்கே போன குடும்பம். அம்மா சீதாலட்சுமி. வீட்டு வேலைக்கும் பத்துக் குழந்தைகளுக்கும் நடுவில் இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்த அம்மையார். பத்துப் பேரில் சந்திரா மூன்றாவது, ஆண்களில் மூத்தவர். சர் சி. வி. ராமன் அவருக்குச் சித்தப்பா.

லாகூர், லக்னோ என்று சுற்றிவிட்டு 1918-ல் குடும்பம் சென்னைக்கு வந்தது. பன்னிரண்டு வயது வரை வீட்டுப் படிப்பு. பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி. 1925-ல் மாநிலக் கல்லூரி. பையனுக்குக் கணிதத்தின்மீது ஆசை. அப்பாவுக்கோ ஐ.சி.எஸ். ஆக்க வேண்டும் என்று ஆசை. கடைசியில் சேர்ந்தது இயற்பியல் ஆனர்ஸ். பிடித்ததைப் படிக்கட்டும் என்று பிள்ளையின் பக்கம் நின்றவர் அம்மா.

1928-ல் ஜெர்மனியின் பெரிய இயற்பியல் மேதை சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அவருடைய புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்த சந்திரா, அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே நேரே போய்விட்டார். வயது பதினெட்டுதான். தனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் போனவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் புத்தகம் வந்த பிறகு அணு இயற்பியலே மாறிப்போய்விட்டது, புதிதாகக் குவாண்டம் இயக்கவியல் வந்திருக்கிறது என்று சோமர்ஃபெல்டு எடுத்துச் சொன்னார். சொன்னதோடு நில்லாமல், இன்னும் அச்சில் வராத தம் கட்டுரையின் அச்சுப் பிரதியையும் கையில் கொடுத்து அனுப்பினார். பையன் முகம் வாடிப் போகவில்லை. அந்தப் பிரதியை வைத்துக்கொண்டே புதிய விஷயத்தைத் தானாகப் படித்து, ஒரு கட்டுரையும் எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1929-ல் அது ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. பட்டப் படிப்புகூட அப்போது முடியவில்லை!

1930-ல் தேர்வு முடிந்ததும் அரசாங்க உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போக வழி பிறந்தது. ஆனால் அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். இந்த நிலையில் எப்படிப் போவது என்று பிள்ளை தயங்கினார். போய்த்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்தி அனுப்பி வைத்தவர் அந்த அம்மாதான். அடுத்த ஆண்டு மே மாதம் அவர் காலமானார். பிள்ளை அப்போது கேம்பிரிட்ஜில்.

கடலில் பத்தொன்பது நாள்

நம் பக்கத்துத் துறைமுகத்துக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஏற்கெனவே ஒரு பந்தம் உண்டு. சென்னை போர்ட் டிரஸ்டில் மாதம் முப்பது ரூபாய்க்கு கிளார்க்காக இருந்த ராமானுஜன் 1914 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில்தான் கப்பல் ஏறினார். ராமானுஜன் 1920-ல் மறைந்தபோது சந்திராவுக்கு வயது ஒன்பது. பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியை அம்மா சொல்லிக் கேட்டதைக் கடைசி வரை அவர் மறக்கவில்லை.

சந்திரா ஏறியது பம்பாயில். 1930 ஜூலை 31, பில்ஸ்னா என்ற கப்பல். வயது பத்தொன்பது. முதல் சில நாள் கடல் கொந்தளிப்பு. அடங்கிய பிறகு மேல் தளத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தார். கூட எடுத்துப் போன புத்தகங்களில் ஒன்று, நட்சத்திரங்களின் உள்ளமைப்பைப் பற்றி எடிங்டன் எழுதியது. இந்த எடிங்டன் யாரென்றால், ஐன்ஸ்டைன் சொன்னது சரிதான் என்று 1919-ல் சூரிய கிரகணத்தைப் படமெடுத்து நிரூபித்தவர். அந்தக் காலத்து வானியல் உலகின் தலைவர் மாதிரி. சந்திராவுக்கோ அவர் குரு ஸ்தானம்.

நட்சத்திரத்துக்குக் கணக்குப் போடுவது எப்படி? அங்கே போய்ப் பார்க்க முடியாது. அதனால் அதை வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக நினைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் அடுக்கையும் அதன் மேலே உள்ள எடை கீழே அமுக்குகிறது. உள்ளேயிருந்து வரும் அழுத்தம் அதை மேலே தள்ளுகிறது. இரண்டும் சமமாக இருந்தால் அடுக்கு நிற்கும். அதோடு, எந்த அடுக்கில் எவ்வளவு சக்தி உண்டாகிறது, அது எப்படி வெளியே வருகிறது என்பதையும் சேர்க்க வேண்டும். நடுவில் தொடங்கி, ஒவ்வோர் அடுக்காக வெளியே வந்தால் ஒரு நட்சத்திரத்தின் மாதிரி கிடைக்கும். சூரியனுக்கு இப்படிப் போட்டால் நடுவில் ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பம் என்று வரும்.

சூரியன் அந்த வெப்பத்தில் ஹைட்ரஜனை ஹீலியமாக்கி எரிந்துகொண்டிருக்கிறது. எரிபொருள் தீர்ந்தால்? வெப்பம் போய்விடும், அழுத்தமும் போய்விடும். எடை மட்டும் அப்படியே இருக்கும். பிறகு வெண் குள்ளனைத் தாங்கி நிற்பது எது? இதற்கு 1926-ல் பதில் சொன்னவர் கேம்பிரிட்ஜின் ஃபௌலர்.

அந்தப் பதிலைப் புரிந்துகொள்ள நம் ஊர் கன்டெய்னர் யார்டே போதும். ஓர் இடத்தில் ஒரு பெட்டிதான் வைக்கலாம். கீழ்த்தட்டு நிறைந்துவிட்டால் அடுத்தது மேலே, அதுவும் நிறைந்தால் அதற்கும் மேலே. எலக்ட்ரான்களும் அப்படித்தான், ஓர் இடத்தில் இரண்டு இருக்காது. எலக்ட்ரானுக்கு மேல்தட்டு என்றால் அதிக வேகம் என்று அர்த்தம். யார்டின் பரப்பைச் சுருக்கச் சுருக்க, அடுக்கு உயர்ந்துகொண்டே போகும். அதேபோல நட்சத்திரம் சுருங்கச் சுருங்க, எலக்ட்ரான்களின் வேகம் ஏறும். வேகம் ஏறினால் வெளியே தள்ளும் அழுத்தமும் ஏறும். இதற்குச் சூடே தேவையில்லை. ஆகவே அணைந்துபோன நட்சத்திரம்கூட நிம்மதியாக அப்படியே நின்றுவிடலாம் என்றார் ஃபௌலர். எல்லோருக்கும் திருப்தி.

கப்பலில் உட்கார்ந்திருந்த பையனுக்குத்தான் ஒரு சந்தேகம். கனமான நட்சத்திரமாக இருந்தால் அந்த எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் போய்விடுமே? ஐன்ஸ்டைன் சொன்னபடி ஒளியின் வேகத்தை எதுவும் மிஞ்ச முடியாதே? அப்படியானால் அழுத்தம், தேவைப்படும் அளவுக்கு ஏறாதே? ஐன்ஸ்டைனையும் சேர்த்துக்கொண்டு கணக்கைத் திரும்பப் போட்டார். விடை அவரையே திகைக்க வைத்தது. ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேல் வெண் குள்ளன் என்ற ஒன்று இருக்கவே முடியாது. முதலில் வந்த எண் சூரியனின் எடையில் 0.91 பங்கு. உள்ளே இருக்கும் பொருளைச் சரியாக எடுத்துக்கொண்ட பிறகு அது சுமார் 1.4 மடங்கு ஆயிற்று. இதுதான் இன்று சந்திரசேகர் எல்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. அதே காலத்தில் இங்கிலாந்தின் ஸ்டோனரும் எஸ்தோனியாவின் ஆண்டர்சனும் தனித்தனியே இப்படி ஓர் எல்லையைத் தொட்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது உள்ளும் புறமும் ஒரே அடர்த்தியுள்ள உருண்டையை. நட்சத்திரத்தின் அடுக்கமைப்போடு முழுக் கணக்காகப் போட்டவர் சந்திராதான்.

அதற்கும் மேலே கனமான நட்சத்திரம் என்ன ஆகும்? சுருங்கிக்கொண்டே போகும். எங்கே போய் நிற்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. நம் வீட்டுப் பஞ்சாங்கத்தில் உள்ள திருவாதிரை நட்சத்திரம் அந்த ரகம். சூரியனைப் போலப் பதினைந்து மடங்குக்கு மேல் எடை இருக்கலாம் என்கிறார்கள். அது அமைதியாக வெண் குள்ளனாக முடியாது.

1935 ஜனவரி 11

கேம்பிரிட்ஜ் போனதும் இந்தக் கணக்கைக் காட்டினார். பெரியவர்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்க இதழ் ஒன்றுக்கு அனுப்பினார், 1931-ல் வந்தது. 1933-ல் டாக்டர் பட்டம். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ ஆனார். ராமானுஜனுக்கு 1918-ல் கிடைத்த அதே கௌரவம்.

கணக்கில் ஓட்டை என்று எவரும் சொல்லிவிடக் கூடாது என்று 1934-ன் கடைசி மாதங்களில் மறுபடியும் உட்கார்ந்தார். கையால் சுற்றும் கணக்கு மெஷினை வைத்துக்கொண்டு, லேசான நட்சத்திரம் முதல் கனமானது வரை ஒவ்வொன்றுக்கும் முழு மாதிரி போட்டார். அந்த நாட்களில் எடிங்டன் அடிக்கடி வந்து, கணக்கு எதுவரை வந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். பெரியவருக்கு எவ்வளவு அக்கறை என்று பையன் நினைத்ததில் தப்பே இல்லை.

1935 ஜனவரி 11, வெள்ளிக்கிழமை, லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். சந்திரா பேசி முடித்ததும் எடிங்டன் பேசுவார் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது. என்ன பேசப் போகிறார் என்பதை மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. எழுந்தார். சந்திராவின் எல்லை என்ற பேச்சே அபத்தம் என்றார். நட்சத்திரம் இப்படிச் சுருங்கிக்கொண்டே போவதை இயற்கை அனுமதிக்காது, குவாண்டத்தையும் ஐன்ஸ்டைனையும் இப்படிச் சேர்த்ததே தப்பு என்று கிண்டலும் கேலியுமாகச் சொன்னார். அரங்கம் சிரித்தது. பதில் சொல்லச் சந்திராவுக்கு வாய்ப்பில்லை. கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து துக்கம் விசாரிப்பது போல விசாரித்துவிட்டுப் போனார்கள். வயது இருபத்து நாலு. அதே ஆண்டு பாரிஸில் நடந்த சர்வதேசக் கூட்டத்திலும் எடிங்டன் இதையே பேசினார். அங்கேயும் பதில் சொல்ல அனுமதி கிடைக்கவில்லை.

சரி, அந்த ஹாலில் இருந்தவர்களுக்கு இயற்பியல் முழுதும் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள்? கோபன்ஹேகனில் இருந்த நண்பர் ரோசன்ஃபெல்டுக்குச் சந்திரா எழுதினார். ரோசன்ஃபெல்டும் நீல்ஸ் போரும் பார்த்தார்கள். பௌலியும் பார்த்தார். சந்திரா போட்டதில் பிழை இல்லை என்று எல்லோரும் தனியாகச் சொன்னார்கள். வெளியே சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. வானியல் பெரியவரோடு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டார்கள். டிராக்கும் பியர்ல்ஸும் பிரைஸும் சேர்ந்து எடிங்டனின் வாதம் தவறு என்று கட்டுரை வெளியிட்டது 1942-ல். ஏழு வருஷம் கழித்து!

அதற்குப் பிறகு

இந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? ஒன்று, சண்டைக்குப் போயிருப்போம். இல்லை, படிப்பே வேண்டாம் என்று போயிருப்போம். சந்திரா இரண்டையும் செய்யவில்லை. கணக்கில் ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை. வாழ்நாள் முழுக்க இதையே சொல்லி மல்லுக்கட்டவும் இல்லை. தெரிந்ததையெல்லாம் ஒழுங்காகத் தொகுத்து, நட்சத்திர அமைப்பைப் பற்றிய ஒரு பாடப்புத்தகமாக 1939-ல் வெளியிட்டார். எல்லைக் கணக்கும் அதில் இருக்கிறது. பிறகு வேறு துறைக்குப் போய்விட்டார். யார் சரி என்பதைக் காலம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

அதற்கு முன் 1936-ல் ஊருக்கு வந்தார். மாநிலக் கல்லூரியில் தமக்கு ஒரு வருஷம் இளையவராக இயற்பியல் படித்த லலிதாவை மணந்தார். வந்த இடத்தில் இன்னொரு வேலையும் செய்தார். ராமானுஜனின் நல்ல படம் ஒன்று வேண்டும் என்று பேராசிரியர் ஹார்டி கேட்டிருந்தார். ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைத் தேடிப் போய், பாஸ்போர்ட் படத்தை வாங்கிக் கொடுத்தார் சந்திரா. இன்று நாம் புத்தகங்களில் பார்க்கிற ராமானுஜன் முகம் அப்படிக் கிடைத்ததுதான்.

1937 தொடக்கத்தில் தம்பதிகள் அமெரிக்கா போனார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் வேலை. தோல் நிறத்தைக் காரணம் காட்டி, சிகாகோவில் அவர் வகுப்பெடுக்கக் கூடாது என்று ஓர் அதிகாரி தடுத்தார். பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் அந்தத் தடையைத் தள்ளிவிட்டார். அதே பல்கலைக்கழகத்தில் கடைசி வரை இருந்தார் சந்திரா. 1953-ல் இருவரும் அமெரிக்கக் குடிமக்கள் ஆனார்கள். அப்பாவுக்கு இதில் மிகுந்த வருத்தம்.

வேலை செய்யும் விதம் ஒன்றை அவர் வகுத்துக்கொண்டார். ஒரு துறையை எடுத்தால் பத்து வருஷம் போல அதிலேயே மூழ்குவது. முடிவில் ஒரு பெரிய புத்தகம். பிறகு அதை மூடி வைத்துவிட்டு அடுத்த துறை. நட்சத்திரக் கூட்டங்களின் இயக்கம், ஒளி பரவும் முறை, திரவங்களின் நிலைப்பு, கருந்துளைகள் என்று ஒவ்வொன்றாகப் போனார். நட்சத்திரங்களின் பரிணாமத்தையும் விடவில்லை. 1942-ல் பிரேசில் நாட்டு ஷோன்பெர்குடன் சேர்ந்து இன்னோர் எல்லையைக் கண்டார். ஹைட்ரஜன் தீர்ந்து நடுவில் சேரும் ஹீலியம், மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் மேலே உள்ள பாரத்தைத் தாங்காது. நடுப்பகுதி சுருங்கும், வெளிப்பகுதி ஊதிப் பெருத்து நட்சத்திரம் செந்நிறமாகும். 1952 முதல் 1971 வரை வானியற்பியல் இதழின் ஆசிரியராக இருந்து, அதை உலகின் முதல்தர இதழாக்கினார்.

எடிங்டனைப் பகைத்தாரா? இல்லை. கடிதப் போக்குவரத்து நின்றதே இல்லை. 1944-ல் எடிங்டன் மறைந்தபோது அவரை மனமாரப் புகழ்ந்து பேசினார். 1982-ல் எடிங்டன் நூற்றாண்டுக்குக் கேம்பிரிட்ஜ் அழைத்தபோது போய் இரண்டு சொற்பொழிவுகள் செய்தார். பெருமையையும் சொன்னார், தவறியதையும் சொன்னார்.

காலம் சொன்ன பதில்

1967-ல் நியூட்ரான் நட்சத்திரத்தின் துடிப்பு கிடைத்தது. அடுத்து கருந்துளைகளுக்கான அடையாளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லையைத் தாண்டிய நட்சத்திரங்கள் எங்கே போய் நிற்கின்றன என்ற கேள்விக்கு வானமே பதில் சொல்லிவிட்டது. 1983 அக்டோபர் 19, அவருடைய 73-வது பிறந்த நாள். அன்றுதான் நோபல் பரிசு அறிவிப்பு வந்தது. நட்சத்திரங்களின் அமைப்பையும் பரிணாமத்தையும் பற்றிய ஆய்வுக்காக. கப்பலில் கணக்குப் போட்டு ஐம்பத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

1995 ஆகஸ்ட் 21-ல் சிகாகோவில் காலமானார். கடைசிப் புத்தகம் நியூட்டனைப் பற்றியது, அதே ஆண்டில் வந்தது. 1999 ஜூலையில் விண்ணுக்குப் போன எக்ஸ்ரே தொலைநோக்கிக்குச் சந்திரா என்றே பெயர் வைத்தார்கள். எல்லையை நெருங்கி வெடிக்கும் வெண் குள்ளன்களை அளவுகோலாக வைத்துத்தான், பிரபஞ்சம் வேகம் கூடிக்கொண்டே விரிகிறது என்று 1998-ல் கண்டுபிடித்தார்கள்.

நமக்கு இதில் என்ன?

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சந்திராவுக்கு இருந்தது நமக்கு இல்லை. வீடு நிறையப் புத்தகம், கணிதப் பேராசிரியர் தாத்தா, நோபல் பரிசு வாங்கிய சித்தப்பா எல்லாம் அவருக்கு இருந்தன. நம் பக்கத்தில் பல வீடுகளில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளே நாம்தான். அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்குகிற அதே அறையில் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஆகவே அவரைப் போல நோபல் வாங்குங்கள் என்று மேடையில் பேசுவது மாதிரி இங்கே எழுத மாட்டேன்.

ஆனால் ஓர் இடத்தில் அவருக்கும் அந்த வசதி எதுவும் உதவவில்லை. லண்டன் ஹாலில் எல்லோரும் சிரித்தபோது தாத்தாவோ சித்தப்பாவோ பக்கத்தில் இல்லை. கையில் இருந்தது ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்த கணக்கு மட்டும். அந்த இடம் நம் எல்லோருக்கும் வரும். தொழிற்சாலையில் ஒரு அளவு தவறாக இருக்கிறது என்று மேலதிகாரியிடம் சொல்லும்போது வரும். வகுப்பில் ஒரு கேள்வி கேட்டு நாலு பேர் சிரிக்கும்போது வரும். அப்போது முதலில் கணக்கைத் திரும்பப் பாருங்கள். தப்பு என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். சரி என்றால் மாற்றாதீர்கள். எழுதி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பெரியவர்களாகிவிட்ட பழைய மாணவர்களுக்கு இன்னொன்று. நாம் இன்று சந்திராவின் இடத்தில் இருப்பதைவிட, போர், பௌலி இருந்த இடத்தில்தான் அதிகம் இருக்கிறோம். ஒரு சின்னப் பையனோ பெண்ணோ சொல்வது சரி என்று நமக்குத் தெரிந்தும் வாய் மூடி இருக்கிறோம். தனியாகக் கூப்பிட்டுத் தட்டிக்கொடுத்தால் போதாது. கூட்டத்தில் எழுந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை.

கடைசியாக இயற்பியல், கணிதம் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு. சந்திரா மாதக்கணக்கில் மெஷினைச் சுற்றிப் போட்ட நட்சத்திரக் கணக்கை இன்று லேப்டாப்பிலேயே போடலாம். மேசா என்ற நிரல் 2011-லிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. எடையைக் கொடுத்தால் ஒரு நட்சத்திரம் பிறந்து, வளர்ந்து, முடிவது வரை கணக்கிட்டுக் காட்டும். கல்லூரி லேபில் நாலு பேர் சேர்ந்து முயன்று பாருங்கள். ஒரு நட்சத்திரத்தை முடிவு வரை ஓட்டி, என்ன வந்தது என்று அடுத்த சந்திப்பில் எங்களுக்குச் சொல்லுங்கள். கேட்க நாங்கள் எல்லோரும் வருவோம்.